அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் நேரே வரலாம்: ஒரு மணி நேர அவசர மனநல ஆலோசனையில் எந்த சிகிச்சை தருகிறார்கள்? ஏன் பலவற்றைக் கலக்கிறார்கள்?

கனடாவின் கால்கரி நகரில் 1990-ல் ஒரு ஆலோசனை மையம் தொடங்கப்பட்டது. பெயர் ஈஸ்ட்சைடு ஃபேமிலி சென்டர். அது இருந்தது மருத்துவமனை வளாகத்தில் அல்ல, கடைகள் உள்ள ஒரு ஷாப்பிங் மாலில். முன்பதிவு கிடையாது. டாக்டர் கடிதம் வேண்டாம். கட்டணமும் இல்லை. மனசு தாங்கலைன்னா கதவைத் திறந்து உள்ளே போகலாம். ஒரு சின்ன படிவம், கொஞ்சம் காத்திருப்பு, பிறகு சுமார் ஒரு மணி நேரம் ஆலோசகரோடு பேச்சு.

அடுத்த வாரமும் வந்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தேவைப்பட்டால் மறுபடி வரலாம், அன்றைக்கும் இதே மாதிரிதான். ஒவ்வொரு சந்திப்பும் அதுவே முழுசு என்ற கணக்கில் நடக்கும்.

'வாக்-இன் தெரபி' என்று இதற்குப் பெயர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இது பல ஊர்களுக்குப் பரவியது. டொரான்டோவில் இளைஞர்களுக்காக 'வாட்ஸ் அப் வாக்-இன்' என்ற பெயரில் மையங்கள் வந்தன. தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோவிலும் ஒன்று உண்டு.

ஆனால் ஒரு கேள்வி வருகிறது. மனநல சிகிச்சை என்றால் பல வாரங்கள் போக வேண்டும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எனப்படும் சிபிடி, வழக்கமாக 12 முதல் 20 சந்திப்புகள் வரை போகும். உளப்பகுப்பாய்வு என்றால் வருடக்கணக்கு. அப்படியிருக்க ஒரே ஒரு மணி நேரத்தில், அதுவும் முன்பின் தெரியாத ஒருவருக்கு, எந்த சிகிச்சையைத் தருவது?

எந்த ஒன்றையும் முழுசாகத் தருவதில்லை. பல முறைகளில் இருந்து அந்த மணி நேரத்துக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக் கோர்க்கிறார்கள். அதைச் சரியாகச் செய்தால் உயிர் காப்பாற்றப்படுகிறது. தப்பாகச் செய்தால் வந்தவரின் நிலை இன்னும் மோசமாகும். இரண்டுக்குமே ஆய்வுகள் இருக்கின்றன.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

1942 நவம்பர் 28. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 'கோகனட் குரோவ்' என்ற இரவு விடுதியில் தீ. 492 பேர் இறந்தார்கள். தப்பியவர்களையும், உறவுகளை இழந்தவர்களையும் சந்தித்த மனநல மருத்துவர் எரிக் லிண்டமன், 1944-ல் ஒரு கட்டுரை எழுதினார். கடும் துக்கத்தில் இருப்பவர்கள் மனநோயாளிகள் அல்ல. அந்த முதல் சில வாரங்களில் சரியான ஆதரவு கிடைத்தால் பெரும்பாலானவர்கள் எழுந்து விடுவார்கள் என்பது அதன் சாரம். 'நெருக்கடி கால உதவி' என்ற துறையின் ஆரம்பப் புள்ளிகளில் இது ஒன்று.

லண்டனில் 1953-ல் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்கள் போன் செய்யலாம், நேரிலும் வரலாம் என்று அறிவித்தார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு அப்படித்தான் பிறந்தது. அங்கே நடந்த சுவாரசியமான விஷயம் என்னவென்றால், பாதிரியாரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தன்னார்வலர்களிடம் பேசியே பலருக்கு பாரம் குறைந்துவிட்டது.

அடுத்தது மோஷே டால்மன் என்ற உளவியலாளர். கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்ட்டே மருத்துவ அமைப்பில் வேலை செய்தவர். அங்கே ஆலோசனைக்கு வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் வந்திருந்தார்கள். 'பாதியிலேயே விட்டுட்டாங்க' என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டால்மன் அப்படி ஒரு தடவை வந்து நின்ற தன்னுடைய 200 பேரை போனில் அழைத்துக் கேட்டார். 78 சதவீதம் பேர், வந்த காரியம் அந்த ஒரு சந்திப்பிலேயே முடிந்தது என்றார்கள். 1990-ல் இதை அவர் புத்தகமாக எழுதினார். கால்கரி மையம் திறந்ததும் அதே ஆண்டு.

இந்த 78 சதவீதத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, கேட்டவரும் சிகிச்சை தந்தவரே. ஆனாலும் ஒரு விஷயம் உறுதியானது: பலர் ஒரு தடவைதான் வருகிறார்கள். அப்படியானால் அந்த ஒரு தடவையை 'அறிமுகம், விவரம் சேகரிப்பு' என்று வீணாக்கலாமா?

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும்?

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 34. கிடங்கு ஒன்றில் பார்த்த வேலை போய்விட்டது. மனைவி குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு நாளாகத் தூக்கம் இல்லை. சாயங்காலம் 4 மணிக்கு மையத்தின் கதவைத் திறக்கிறார். கை நடுங்குகிறது.

முதலில் சிகிச்சை எதுவும் இல்லை. தண்ணீர், நாற்காலி, அமைதியான இடம். கால் தரையில் படுகிறதா என்று கவனிக்கச் சொல்வது, மூச்சை மெதுவாக விடச் சொல்வது. இது 'உளவியல் முதலுதவி'யில் இருந்து வருவது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் இதற்கு ஒரு கையேடே போட்டது. பார், கேள், இணை என்று மூன்றே வேலை. நிலைமையைப் பார்க்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், தேவையான உதவியோடு இணைத்துவிட வேண்டும். இதற்கு உளவியல் பட்டம் தேவையில்லை. வரவேற்பறையில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது கேட்பது. இடையில் புகுந்து அறிவுரை சொல்லாமல், 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று சொல்லாமல் கேட்பது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1950-களில் வலியுறுத்தியது இதைத்தான். கேட்பவரின் அக்கறை நிஜமானது என்று பேசுகிறவருக்குப் படவேண்டும். சும்மா தலையாட்டினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி நேரடியாக வரும்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?"

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போல ஆகாதா என்று நம்மில் பலருக்கும் பயம் உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. நேரடியாகக் கேட்கும்போது பலருக்கு ஒருவித நிம்மதிதான் வருகிறது. அதுவரை அந்த வார்த்தையை யாரிடமும் சொல்ல முடியாமல்தான் தவித்திருப்பார்கள்.

நம் கற்பனை மனிதர், "தோணுது. ஆனா பொண்ணு இருக்கா" என்கிறார். இந்தப் பதிலில் ஆபத்தும் இருக்கிறது, பிடிமானமும் இருக்கிறது. முறைகளைக் கலக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

"ஏன் 0 இல்ல?"

ஆலோசகர் ஒரு கோடு வரைகிறார். ஒரு முனை 0, மறுமுனை 10.

"0-ன்னா இதுக்கு மேல மோசமா இருக்க முடியாது. 10-ன்னா சமாளிச்சிடலாம்னு நம்பிக்கை. இன்னைக்கு நீங்க எங்க இருக்கீங்க?"

"2."

"ஏன் 0 இல்ல?"

அவர் யோசிக்கிறார். "காலையில பொண்ணுக்கு போன் பண்ணேன். பேசினா."

இது 'தீர்வு மையச் சிகிச்சை'யின் அளவுகோல் கேள்வி. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஸ்டீவ் டி ஷேசர், அவருடைய மனைவி இன்சூ கிம் பெர்க் இருவரும் 1970-களின் கடைசியில் இருந்து வளர்த்தெடுத்த முறை. பிரச்சனை எப்படி வந்தது என்று தோண்டாமல், பிரச்சனை கொஞ்சம் குறைவாக இருந்த நேரங்களைத் தேடுவது அதன் வழி. '2-ல் இருந்து 3-க்குப் போக என்ன நடக்கணும்?' என்பது அடுத்த கேள்வி. 10-ஐப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. அவசரப்பட்டு தீர்வுக்குப் போனால், 'என் வலியைக் கேட்கவே இல்லையே' என்று வந்தவருக்குத் தோன்றும். அதனால்தான் பல வாக்-இன் மையங்களில் 'கதையாடல் சிகிச்சை'யையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட், நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டன் இருவரும் உருவாக்கியது. பிரச்சனையை மனிதனிடம் இருந்து பிரித்து, தனியாக ஒரு பெயர் வைத்துப் பேசுவது இதன் முக்கிய உத்தி.

நம் மனிதருக்கு இரவு 2 மணிக்குக் கடன்களை எண்ணும் பழக்கம். அதற்கு அவரே 'ராத்திரிக் கணக்கு' என்று பெயர் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி பேச்சு 'நீங்க ஏன் இப்படி யோசிக்கிறீங்க' என்று போகாது. 'ராத்திரிக் கணக்கு எப்ப வருது? யார் பக்கத்துல இருந்தா வராது? என்னைக்காவது அதை ஏமாத்திட்டு தூங்கியிருக்கீங்களா?' என்று போகும். 'நான் உதவாக்கரை' என்று உள்ளே வந்தவர், இப்போது தன்னைத் தொல்லை செய்யும் ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். குற்ற உணர்ச்சி கொஞ்சம் விலகி நிற்கிறது.

சிபிடி-யில் இருந்து எடுப்பது சின்ன துண்டுதான். 1960-களில் ஆரன் பெக் உருவாக்கிய இந்த முறையை முழுசாகச் செய்ய ஒரு மணி நேரம் போதாது. ஆனால் 'எனக்கு இனி வேலையே கிடைக்காது' என்ற ஒரு எண்ணத்தை மட்டும் எடுத்து, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று பார்க்கலாம். நாளைக் காலையில் செய்யப்போகும் ஒரு வேலையை நேரம் போட்டுக் குறிக்கலாம். காலை 9 மணி, நடை, 20 நிமிடம். இது அற்பமாகத் தெரியலாம். படுக்கையை விட்டு எழவே காரணம் இல்லாதவருக்கு அது அற்பம் இல்லை.

நடுவில் ஒரு இடைவேளை

கால்கரி மையத்தின் தனி அடையாளம் இதுதான். பேச்சு கொஞ்ச தூரம் போனதும் ஆலோசகர், "ஒரு பத்து நிமிஷம், என் குழுவோட பேசிட்டு வர்றேன்" என்று எழுந்து போவார். பக்கத்து அறையில் குழு இருக்கும். சமூகப் பணியாளர், உளவியலாளர், பயிற்சியில் இருப்பவர் என்று வெவ்வேறு துறைக்காரர்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரின் ஆலோசனையும் கிடைக்கும்.

இந்தப் பழக்கம் இத்தாலியின் மிலன் நகரில் இருந்து வந்தது. மாரா செல்வினி பலாசோலியின் குழு அங்கே 1970-களில் குடும்பங்களுக்கு சிகிச்சை தரும்போது, கண்ணாடிக்குப் பின்னால் சக ஆலோசகர்கள் உட்கார்ந்து கவனிப்பார்கள். இடையில் கலந்து பேசி, குடும்பத்துக்குச் சொல்ல ஒரு செய்தியோடு திரும்புவார்கள்.

ஒருவர் தலைக்குள் ஐந்து சிகிச்சை முறைகளைத் திணிப்பதைவிட, வெவ்வேறு முறை தெரிந்தவர்களை ஒரே அறையில் உட்கார வைப்பது நல்லது. தனியாக இருக்கும் ஆலோசகர், தனக்குப் பிடித்த முறைக்கே எல்லாப் பிரச்சனையையும் இழுத்துக்கொண்டு போவார். குழுவில் ஒருவராவது, "அதெல்லாம் சரி, ராத்திரி அவர் வீட்டுல யார் இருப்பாங்க?" என்று கேட்பார்.

அந்தக் கேள்விதான் நம் மனிதருக்கு முக்கியம். அவருக்கு ஒரு அக்கா இருக்கிறார். மூன்று தெரு தள்ளி. ஒரு வருடமாகப் பேச்சு இல்லை.

கையில் ஒரு தாள்

வெளியே போகும்போது அவர் கையில் 'பாதுகாப்புத் திட்டம்' என்ற ஒரு தாள் இருக்க வேண்டும். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வடிவமைத்தது. ஆறு படிகள்.

நிலைமை கைமீறப் போகிறது என்பதற்கு என்ன அறிகுறி? அப்போது தனியாக என்ன செய்து மனதைத் திருப்பலாம்? எங்கே போகலாம், யாரோடு இருக்கலாம்? யாரிடம் வெளிப்படையாக உதவி கேட்கலாம்? எந்த மருத்துவமனை, எந்த உதவி எண்? கடைசியாக, தனக்குத் தீங்கு செய்துகொள்ளக்கூடிய பொருட்களை எப்படி எட்டாத இடத்துக்கு மாற்றுவது?

இதை ஆலோசகர் எழுதித் தரக்கூடாது. வந்தவரே, தன் வார்த்தையில் எழுத வேண்டும். 'சமூக ஆதரவைப் பயன்படுத்துவேன்' என்று எழுதினால் இரவு 2 மணிக்கு அது உதவாது. 'அக்காவுக்கு போன், எடுக்கலைன்னா மறுபடி' என்று எழுதினால் உதவும்.

முன்பெல்லாம் வேறு ஒரு பழக்கம் இருந்தது. 'தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்' என்று கையெழுத்து வாங்குவார்கள். அது பாதுகாக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. உண்மையைச் சொன்னால் வாக்கு மீறியது போல ஆகுமோ என்று பயந்து மறைக்கவும் வைக்கும்.

பாதுகாப்புத் திட்டத்துக்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஒன்பது மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்குத் தற்கொலை தொடர்பான நெருக்கடியில் வந்த 1,640 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. இந்தத் தாளோடு, பிறகு போனில் தொடர்ந்து விசாரிப்பதும் சேர்ந்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த நடத்தைகள் சுமார் 45 சதவீதம் குறைவாக இருந்தன. தாள் மட்டும் அல்ல, தாளும் போனும் சேர்ந்து.

கலப்பதற்கும் ஒரு முறை உண்டா?

உண்டு. இல்லையென்றால் அது கலந்துகட்டி அடிக்கிற கதையாகிவிடும்.

உளவியலில் இது பழைய சண்டை. சால் ரோசன்ஸ்வைக் 1936-லேயே ஒரு வாதம் வைத்தார்: முறைகள் வேறுவேறாக இருந்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதே, அப்படியானால் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் ஏதோ ஒன்றுதான் வேலை செய்கிறது. நம்பிக்கை, நல்ல உறவு, பிரச்சனைக்கு ஒரு விளக்கம் கிடைப்பது போன்றவை. 1967-ல் அர்னால்ட் லாசரஸ் வேறு வழி சொன்னார். கோட்பாடுகளைக் கலக்காதே, உத்திகளை மட்டும் எடுத்துக்கொள். எது வேலை செய்யும் என்று ஆதாரம் இருக்கிறதோ அதை எடு. மூன்றாவது ஒரு வழி: ஒரு முறையில் உறுதியாக நின்றுகொண்டு, மற்றவற்றில் இருந்து கடன் வாங்குவது.

வாக்-இன் மையங்களுக்கு மூன்றாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. வீட்டுச் சமையலில் சாம்பார் சாம்பார்தான், அன்றைக்கு என்ன காய் இருக்கிறதோ அது உள்ளே போகும். எல்லாக் குழம்பையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் அது சமையல் இல்லை. ஒரு மணி நேரத்தில் அளவுகோல், கதையாடல், எண்ணப் பரிசோதனை, மூச்சுப் பயிற்சி, குடும்பப் பேச்சு எல்லாம் வந்தால் வந்தவர் குழம்பித்தான் வெளியே போவார். வரிசை முக்கியம். உடல் அடங்கினால்தான் பேச்சு. கேட்கப்பட்டோம் என்று தோன்றினால்தான் தீர்வு. உயிருக்கு ஆபத்து உண்டா என்ற கேள்வி மட்டும் வரிசைக்குக் கட்டுப்படாது, சந்தேகம் வந்த உடனே கேட்க வேண்டும்.

இன்னொரு எளிய அளவுகோலும் உண்டு. வந்தவரிடம் முதலிலேயே, "இன்னைக்கு இங்கிருந்து போகும்போது என்ன மாறியிருந்தா வந்தது நல்லதுன்னு நினைப்பீங்க?" என்று கேட்டுவிடுவது. 'இன்னைக்கு ராத்திரி தூங்கணும்' என்பது பதிலாக இருந்தால், அதற்கு உதவாத எந்த உத்தியும், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அன்றைக்கு வேண்டாம்.

கலக்கக் கூடாதது எது?

பழைய காயத்தைக் கிளறுவது. சிறு வயதுப் பாலியல் வன்முறை, விபத்து, போர் அனுபவம் போன்றவற்றை விவரமாகச் சொல்லவைத்து எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சைகள் இருக்கின்றன, அவற்றுக்கு நல்ல பலனும் உண்டு. ஆனால் அவை தொடர் சந்திப்புகளில், தயாரிப்போடு நடக்க வேண்டியவை. நாளைக்கு மறுபடி பார்ப்போமா என்றே தெரியாத ஒருவரிடம் காயத்தைத் திறந்துவிட்டு, நேரம் முடிந்தது என்று அனுப்ப முடியாது.

இதற்கு மருத்துவ உலகம் ஒரு பாடம் கற்றிருக்கிறது. விபத்து, பேரிடர் நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் உட்கார வைத்து, நடந்ததை உணர்ச்சியோடு விவரிக்கச் சொல்லும் ஒரே ஒரு சந்திப்பு முன்பு பிரபலமாக இருந்தது. தீக்காயம் பட்டவர்களிடம் பிரிட்டனில் நடத்தி 1997-ல் வெளியான ஆய்வில், 13 மாதங்களுக்குப் பிறகு, அந்தச் சந்திப்பு தரப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்குப் பேரதிர்ச்சிக்குப் பின்னான மனநோய் இருந்தது. தரப்படாதவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். இரு குழுக்களுக்கும் தொடக்கத்திலேயே வித்தியாசம் இருந்தது என்ற விமர்சனம் உண்டு. ஆனாலும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகும் அந்த முறைக்குப் பலன் தெரியவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு அதைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது.

'மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டிடு, சரியாயிடும்' என்று நாமும் சொல்கிறோம் இல்லையா? கொட்ட விரும்புகிறவருக்கு அது சரி. கொட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதுதான் சிக்கல்.

யாருக்கு இது போதாது?

காதில் குரல் கேட்கிறது என்பவர், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று உறுதியாக நம்புபவர், மதுவைத் திடீரென நிறுத்தி நடுங்குபவர், நாள் நேரம் தெரியாமல் குழம்புபவர், ஏதாவது உட்கொண்டுவிட்டு வந்தவர் - இவர்களுக்குப் பேச்சு முதல் சிகிச்சை அல்ல. உடனே மருத்துவமனை. திடீர்க் குழப்பத்துக்குப் பின்னால் காய்ச்சல், சர்க்கரை குறைவு, தலைக்காயம் என்று உடல் காரணம் இருக்கலாம். வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்து திருப்பி அனுப்புவதும் சிகிச்சை இல்லை. அவருக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும்.

சென்னையும் கொழும்பும் காட்டிய வழி

இந்த விஷயத்தில் நம் பக்கத்திலும் முக்கியமான வேலை நடந்திருக்கிறது. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். சமாரிட்டன்ஸ் வழியில் வந்த மையம். தன்னார்வலர்கள் போனிலும் நேரிலும் பேசுகிறார்கள். தீர்ப்பு சொல்லாமல் கேட்பதுதான் அவர்களின் பயிற்சி.

உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் ஒரு ஆய்வு நடத்தி, முடிவை 2008-ல் வெளியிட்டது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பகுதியினருக்கு அதோடு சேர்த்து ஒரு மணி நேரத் தனிச் சந்திப்பு, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. 'எப்படி இருக்கீங்க? ஏதாவது உதவி வேணுமா?' அந்த விசாரிப்பு அவ்வளவுதான்.

18 மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

அமெரிக்க ஆய்வையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் எந்தெந்த முறையைக் கலந்தோம் என்பதைவிட, அதற்குப் பிறகு யாராவது போன் செய்தார்களா என்பதே பெரிய வித்தியாசமாக இருக்கலாம். வாக்-இன் மாதிரியின் பலவீனமும் இதுதான். 'வேண்டும்னா வாங்க' என்று கதவைத் திறந்து வைப்பது நல்லது. ஆனால் ரொம்பவும் ஆபத்தில் இருப்பவர் திரும்பி வர மாட்டார். அவரை நாம்தான் தேட வேண்டும்.

ஒன்டாரியோவில் வாக்-இன் மையத்தையும், காத்திருப்புப் பட்டியல் உள்ள வழக்கமான மையத்தையும் ஒப்பிட்ட ஆய்வில், வாக்-இன் வந்தவர்களின் மன உளைச்சல் வேகமாகக் குறைந்தது. அது வேகத்தைப் பற்றிய ஆய்வு. எல்லாப் பிரச்சனைக்கும் ஒரு மணி நேரம் போதும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நம்ம ஊர் ஓ.பி. சீட்டு

யோசித்துப் பார்த்தால் வாக்-இன் என்பது தமிழ்நாட்டுக்குப் புதுசே இல்லை. அரசு மருத்துவமனையில் யார் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு போகிறோம்? காலையில் வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கினால் அன்றே டாக்டரைப் பார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் அப்படித்தான்.

கனடாவில் கதவு பூட்டியிருந்தது, திறந்தார்கள். இங்கே கதவு திறந்திருக்கிறது, நேரம்தான் இல்லை. கூட்டத்துக்கு நடுவில் ஒருவருக்குச் சில நிமிடங்கள் கிடைத்தாலே அதிகம். மாத்திரை எழுதலாம், அதற்கு மேல் என்ன செய்வது? 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம்.

அதனால் ஒரு மணி நேர மாதிரியை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. ஆனால் துண்டுகளை எடுக்கலாம். பாதுகாப்புத் திட்டத் தாளை எழுத உதவ, பயிற்சி பெற்ற செவிலியரே போதும். வாரம் ஒரு போன் செய்ய தன்னார்வலர் போதும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் பூட்டிய பெட்டியில் வைக்கும் முயற்சியை லட்சுமி விஜயகுமார் குழு செய்து பார்த்தது. ஸ்டான்லியும் பிரவுனும் ஆறாவது படியில் சொன்னதை ஒரு ஊரே சேர்ந்து செய்வது போன்றதுதான் அது.

சட்டமும் மாறியிருக்கிறது. மனநல பராமரிப்புச் சட்டம் 2017-ன் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை இயங்குகிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு மாற்றிவிடுவார். ஒருவகையில் இது போனில் நடக்கும் வாக்-இன் மையம்தான்.

பக்கத்தில் ஒருவர் தவிக்கும்போது

நேராகக் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள், அமைதி நீண்டாலும் பரவாயில்லை. 'உன்னை விட கஷ்டப்படறவங்க எத்தனை பேர்' என்று ஒப்பிட வேண்டாம். தனியாக விடாதீர்கள், ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்துங்கள், மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். நாளைக் காலையில் ஒரு போன் செய்யுங்கள். அடுத்த வாரமும் செய்யுங்கள்.

உதவிக்கு:

டெலி மானஸ்: 14416 அல்லது 1800-891-4416 (24 மணி நேரம், இலவசம்)

தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண்: 104

சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை: 044-24640050

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்: 108 ஆம்புலன்ஸ்